ஏஞ்சல் மீன் குஞ்சு வளர்ப்பு: முட்டையிட்ட நாள் முதல் எட்டாம் வாரம் வரை

ஏஞ்சல் மீன் வீட்டுத் தொட்டியில் முட்டையிடுவது அரிதான காரியம் இல்லை. ஜோடி அமைந்து, நல்ல தீனியும் சுத்தமான தண்ணீரும் கிடைத்தால் போதும், ஒரு நாள் சாயங்காலம் ஃபில்டர் குழாயில் வரிசை வரிசையாக முட்டைகளை ஒட்டி வைத்துவிடும். வீட்டில் எல்லோரும் கூடி நின்று பார்ப்பார்கள், படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவார்கள். பத்து நாள் கழித்து விசாரித்தால் "எல்லாம் போயிடுச்சுங்க" என்ற பதில்தான் வரும்.

எனக்கும் முதல் தடவை அதேதான் நடந்தது. சுமார் இருநூறு குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய அன்று காலைதான் அவற்றுக்கு என்ன கொடுப்பது என்று யோசித்தேன். ஒரு கடையில் சில்லறையாக நிறுத்துக் கொடுத்த ஆர்டீமியா (குஞ்சுகளுக்குத் தீனியாகும் ஒரு சின்ன உப்புநீர் உயிரி) முட்டையை வாங்கி வந்து ஊறவைத்தேன். பொரியவே இல்லை. வேறு வழி தெரியாமல் அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றினேன். மறுநாள் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்துப்போனது. மூன்றாம் நாள் தொட்டியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அதன் பிறகு கொளத்தூரில் பல வருடமாக மீன் பொரிக்கும் ஓர் அண்ணனிடம் போய் நின்றேன். அவர் முட்டையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "தம்பி, ஆர்டீமியா எப்போ ஊறப்போட்ட?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான். ஏஞ்சல் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டையில் சாவதில்லை. நீந்தத் தொடங்கிய நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் சாகின்றன. ஒன்று பசியால், அல்லது கெட்டுப்போன தண்ணீரால். இந்த இரண்டையும் முட்டை வருவதற்கு முன்பே யோசித்து வைத்தவர்களுக்குக் குஞ்சு நிற்கும்.

முட்டைக்கு முன்பே செய்ய வேண்டியவை

முதலில் ஸ்பாஞ்ச் ஃபில்டர். குஞ்சுத் தொட்டிக்கு வேறு எந்த ஃபில்டரும் வேண்டாம். மோட்டார் வைத்த ஃபில்டர் எதுவாக இருந்தாலும் குஞ்சுகளை உறிஞ்சிவிடும். ஆனால் கடையிலிருந்து வாங்கிய புது ஸ்பாஞ்சை அப்படியே போட்டால் அது வெறும் பஞ்சுதான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கிற நல்ல பாக்டீரியா அதில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதனால் பெரிய மீன்கள் இருக்கும் தொட்டியிலேயே கூடுதலாக ஒரு ஸ்பாஞ்சை ஓடவிட்டு வையுங்கள். குஞ்சுகள் வரும் நாளில் அதை எடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது தண்ணீர். ஏஞ்சல் மீனின் சொந்த ஊர் அமேசான் ஆற்றுப் படுகை. அங்கே மெதுவாக ஓடும் தண்ணீரில் வேர்களுக்கும் செடிகளுக்கும் நடுவே வாழ்கிற மீன் இது. அந்தத் தண்ணீர் மென்மையானது, லேசான அமிலத்தன்மை உள்ளது. நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் அதற்கு நேர் எதிர். பெரிய ஏஞ்சல்கள் கடினத் தண்ணீருக்கும் பழகிக்கொள்ளும், அதிலேயே முட்டையும் இடும். ஆனால் மிகக் கடினமான தண்ணீரில் முட்டைகள் சரியாகக் கருவுறுவதும் பொரிவதும் குறையும். எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில், கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 900 காட்டும். மூன்று பங்கு ஆர்ஓ தண்ணீருக்கு ஒரு பங்கு போர் தண்ணீர் என்று கலந்தால் 250 அளவுக்கு இறங்கிவிடுகிறது. அந்தக் கலவையில் பொரிப்பு நன்றாகவே இருக்கிறது. வெறும் ஆர்ஓ தண்ணீரை மட்டும் பயன்படுத்த வேண்டாம். அதில் தாது உப்புகள் இல்லாததால் அமிலத்தன்மையின் அளவான பிஎச் நிலையாக நிற்காது. பிஎச் 6.5 முதல் 7.2 வரை இருந்தால் போதும்.

காய்ந்து தானாக உதிர்ந்த பாதாம் மர இலை, அதாவது நாட்டு வாதுமை இலை, ஒன்றிரண்டைக் கழுவிப் போட்டால் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும், பூஞ்சையும் ஓரளவு குறையும். மருந்து அடிக்காத மரமாகப் பார்த்து எடுக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் பயன்படுத்துவதாக இருந்தால் குளோரினை நீக்காமல் ஒரு சொட்டுகூடக் குஞ்சுத் தொட்டிக்குள் போகக் கூடாது. ஒரு டிரம்மில் பிடித்து, காற்றைக் குமிழ்களாக விடும் ஏர் ஸ்டோன் போட்டு, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். அந்த டிரம் எப்போதும் நிரம்பியிருக்கட்டும், தினமும் தேவைப்படும்.

மூன்றாவது, ஆர்டீமியா. தரமான டப்பா ஒன்றை வாங்கி வந்ததும் சோதித்துப் பாருங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் உப்புத் தண்ணீர் எடுத்து, ஒரு சிட்டிகை ஆர்டீமியா முட்டையைப் போட்டு, வெளிச்சத்தில் வையுங்கள். ஒன்றரை நாளுக்குள் ஆரஞ்சு நிறப் பொடிப் புள்ளிகள் துள்ளி நீந்தினால் அது நல்ல சரக்கு. மீதியைக் காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். ஈரமும் வெப்பமும் பட்டால் பொரிப்புத் திறன் வேகமாகக் குறையும். நான் அன்று வாங்கியது திறந்த டப்பாவில் பல மாதம் கிடந்த சரக்கு. இந்தச் சோதனையைச் செய்திருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

ஜோடியும் முட்டையிடும் பலகையும்

ஏஞ்சலில் ஆண் பெண் பார்த்து வாங்க முடியாது. முட்டையிடும் சமயத்தில் வெளியே நீளும் குழாயைப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். பெண்ணுக்கு அது தடித்து, மழுங்கலாக இருக்கும். ஆணுக்கு மெலிந்து, கூராக இருக்கும். அதனால் சின்ன மீன்களாக ஆறு வாங்கி ஒன்றாக வளர்ப்பதே நல்ல வழி. எட்டு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் இரண்டு மீன்கள் சேர்ந்து ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். அந்த இரண்டையும் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். உடம்பு உயரமான மீன் என்பதால் தொட்டியின் உயரம் ஒன்றரை அடியாவது இருக்க வேண்டும். ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்: இரண்டு பெண்களும் ஜோடி சேர்ந்து முட்டையிடும். ஒவ்வொரு முறையும் எல்லா முட்டையும் வெளுத்துப்போனால் அந்தச் சந்தேகம் வர வேண்டும்.

செங்குத்தான பரப்பில் முட்டையை ஒட்டுவது இவற்றின் பழக்கம். நான் குழந்தைகள் எழுதும் கல் சிலேட்டை மரச்சட்டம் கழற்றி, சாய்த்து வைத்திருக்கிறேன். பிவிசி குழாய்த் துண்டும் போதும். கடப்பா கல் துண்டு எளிதாகக் கிடைக்கிறதே என்று போடாதீர்கள். அது சுண்ணாம்புக் கல் வகை, தண்ணீரை மெல்ல மெல்லக் கடினமாக்கும்.

பெற்றோரிடம் விடுவதா, பிரிப்பதா?

மனசைக் கேட்டால் பெற்றோரிடமே விட வேண்டும் என்றுதான் சொல்லும். நல்ல ஜோடி குஞ்சு பார்ப்பதை ஒருமுறை கண்டவர்களால் அதை மறக்க முடியாது. இரண்டும் மாறி மாறி நின்று துடுப்பால் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டே இருக்கும். வெளுத்த முட்டையை மட்டும் பொறுக்கி எடுக்கும். பொரிந்த பிறகு ஏதாவது குஞ்சு கீழே விழுந்தால், தாய் பாய்ந்து வாயில் கவ்வி, இரண்டு மூன்று முறை மென்று பார்ப்பது போல வாயை அசைத்துவிட்டு, பழைய இடத்திலேயே உமிழ்ந்து ஒட்டும். விழுங்கிவிட்டதோ என்று நமக்கு மூச்சே நின்றுவிடும்.

ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பண்ணைகளில் செயற்கையாகப் பொரித்து வந்த மீன்கள்தான் நம் கைக்கு வருகின்றன. இளம் ஜோடிகள் முதல் இரண்டு மூன்று ஈட்டில் முட்டையைத் தின்றுவிடுவது சகஜம். நன்றாகப் பார்க்கும் ஜோடிகூட ஆள் நடமாட்டத்தாலோ திடீரென விளக்கை அணைப்பதாலோ பயந்துபோய் ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் முடித்துவிடும். குஞ்சு நிலைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் பிரித்துவிடுங்கள் என்பதே என் கருத்து. ஜோடிக்கு அனுபவம் வந்த பிறகு ஓர் ஈட்டை அவற்றிடமே விட்டுப் பாருங்கள். அப்படி விடும்போது இரவில் அறையில் மங்கலான விளக்கு ஒன்று எரியட்டும்.

முதல் மூன்று நாள்

முட்டையிட்டு முடிய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். பெண் ஒரு வரிசை ஒட்டிவிட்டு நகர, ஆண் அதே தடத்தில் பின்னாலேயே போய்க் கருவுறச் செய்யும். இரண்டும் ஓய்ந்து விசிறத் தொடங்கிய பிறகுதான் நாம் கை வைக்க வேண்டும். ஆணுக்கு நேரம் கொடுக்காமல் அவசரப்பட்டு எடுத்தால் பாதி முட்டை வீண்.

எட்டுப் பத்து லிட்டர் பிடிக்கும் கண்ணாடி ஜாடி ஒன்றில் அதே தொட்டித் தண்ணீரை நிரப்பி, சிலேட்டை எடுத்து உடனே அதில் சாய்த்து வையுங்கள். சில நொடிகள் காற்றுப் பட்டால் ஒன்றும் ஆகாது. ஏர் ஸ்டோனைச் சிலேட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். குமிழ்கள் முட்டையின் மேல் நேராக மோதக் கூடாது. ஆனால் தண்ணீர் முட்டைகளைத் தடவிக்கொண்டு ஓட வேண்டும். தாய் துடுப்பால் செய்த வேலையை இப்போது அந்தக் குமிழ்கள் செய்கின்றன.

பூஞ்சைக்கு மெத்திலீன் புளூ. பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் ஊற்றினால் தண்ணீர் பேனா மை கரைத்தது போல நீலமாகும், முட்டைகள் மங்கலாகத் தெரியும். இந்த மருந்து நல்ல பாக்டீரியாவையும் பாதிக்கும் என்பதால் ஸ்பாஞ்ச் ஃபில்டரை இந்த ஜாடியில் வைக்காதீர்கள்.

வெப்பம் 27 முதல் 28 டிகிரி. சென்னையில் வருடத்தின் பெரும்பகுதி இதற்கு ஹீட்டர் தேவையில்லை. மார்கழி, தை மாதங்களில் ராத்திரித் தண்ணீர் 24 டிகிரிக்கு இறங்கும்போது தேவைப்படும். சின்ன ஜாடிக்குள் ஹீட்டர் போட எனக்குப் பயம். ஜாடியைப் பெரிய தொட்டியின் தண்ணீருக்குள் பாதி மூழ்கும்படி வைத்து, பெரிய தொட்டியில் ஹீட்டரை ஓடவிடுகிறேன். வெப்பம் ஏறுவதும் இறங்குவதும் மெதுவாக நடக்கும். கத்திரி வெயில் நாட்களில் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டினால் பிராணவாயு குறையும், எல்லாம் சீக்கிரம் அழுகும். மே மாதத்தில் நான் பொரிக்க முயல்வதே இல்லை.

ஒரு நாள் ஆனதும் எது நல்ல முட்டை என்று தெரிந்துவிடும். கருவுற்றவை தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். மற்றவை சுண்ணாம்பு போல வெளுக்கும். வெளுத்தவற்றில் பூஞ்சை நூல் விட்டுப் பக்கத்து முட்டையைப் பிடிக்கும். கை நடுங்காது என்றால் துளிக்குழாய் நுனியால் அவற்றை எடுக்கலாம். இல்லையென்றால் மருந்தை நம்பி விட்டுவிடுங்கள். நல்ல முட்டையைக் குத்திவிடுவதைவிட அது மேல்.

சுமார் 60 மணி நேரத்தில் பொரியும். சனிக்கிழமை சாயங்காலம் இட்டது செவ்வாய் காலையில் சிலேட்டில் துடித்துக்கொண்டிருக்கும்.

பொரிந்தது முதல் நீந்தும் வரை

பொரிந்த குஞ்சுக்கு மீன் தோற்றமே இருக்காது. ஒரு மஞ்சள் பை, அதில் ஒரு மெல்லிய வால், அவ்வளவுதான். தலையில் உள்ள பசை நூலால் சிலேட்டில் தொங்கிக்கொண்டு வாலை விடாமல் ஆட்டும். சில கொத்துக் கொத்தாக ஜாடியின் அடியில் விழும். பயப்பட வேண்டாம், தண்ணீர் ஓட்டம் இருந்தால் அங்கேயும் பிழைக்கும்.

இந்த ஐந்து நாளும் அந்த மஞ்சள் பைதான் சாப்பாடு. வாய் இன்னும் வேலை செய்யாது. பாசத்தில் ஒரு துளித் தீனி போட்டால்கூட அது அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். நீங்கள் செய்ய வேண்டியது, நீல நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது மட்டும்தான். தினமும் பாதித் தண்ணீரை ஏர் டியூபால் உறிஞ்சி எடுத்து, அதே வெப்பமுள்ள புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இறந்த முட்டைகளையும் தோலையும் அப்போதே எடுத்துவிடலாம். நான்கு நாளில் தண்ணீர் தெளிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை வாக்கில் கண் இரண்டும் கறுப்புப் புள்ளியாகத் தெளிவாகத் தெரியும். அப்போது நாட்காட்டியைப் பாருங்கள். ஞாயிறு நீந்தப்போகின்றன. ஆர்டீமியாவைச் சனிக்கிழமை காலையிலேயே ஊறப்போட வேண்டும்.

ஆர்டீமியா பொரிக்கும் முறை

ஆர்டீமியா என்பது உப்பளங்களிலும் உப்பேரிகளிலும் வாழும் ஒரு சின்ன உயிரி, இறால் இனத்துக்கு உறவு. நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் இருக்கிறது. கடையில் வரும் டப்பாவில் பெரும்பாலும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து உப்பேரிச் சரக்கு. காய்ந்த முட்டையாக வருடக்கணக்கில் உறங்கிக் கிடந்து, உப்புத் தண்ணீர் பட்டதும் விழித்துக்கொள்ளும். பொரிந்த குஞ்சின் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஏஞ்சல் குஞ்சின் வாய்க்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். அதனால் வேறு பல மீன்களுக்குச் செய்வது போல முதலில் இன்ஃபுசோரியா என்ற நுண்ணுயிர்த் தீனி கொடுக்க வேண்டிய அவசியம் இதற்கு இல்லை.

இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி, கழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்து நிறுத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 முதல் 30 கிராம் கல் உப்பு. ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் பொரிப்பு கூடும். இருநூறு குஞ்சுகளுக்குக் கால் டீஸ்பூன் ஆர்டீமியா முட்டை தாராளம். ஏர் டியூபைக் கழுத்து வரை இறக்கி, முட்டைகள் எங்கேயும் தேங்காமல் சுழலும் அளவுக்குக் காற்றை வேகமாக விடுங்கள். முதல் சில மணி நேரம் வெளிச்சம் கட்டாயம். பக்கத்தில் ஒரு பல்பு எரிந்தால் வெப்பமும் கிடைக்கும். 28 டிகிரியில் 24 மணி நேரத்தில் பெரும்பாலானவை பொரிந்துவிடும்.

இப்போது காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருங்கள். பழுப்பு நிற ஓடுகள் மேலே மிதக்கும். கழுத்துப் பக்கம் செல்போன் டார்ச்சைக் காட்டினால் உயிருள்ளவை எல்லாம் வெளிச்சத்தை நோக்கித் திரண்டு, அடியில் ஓர் ஆரஞ்சு மேகமாகத் தெரியும். அந்த மேகத்தை மட்டும் ஏர் டியூபால் உறிஞ்சி, நான்காக மடித்த பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி உப்பைப் போக்கி, ஒரு டம்ளர் சுத்தமான தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். ஓடுகள் கலந்து போவதை முடிந்த மட்டும் தவிர்க்க வேண்டும். குஞ்சு அதை விழுங்கினால் செரிக்காமல் குடலை அடைக்கும்.

ஒரு பாட்டில் போதாது. இரண்டு வைத்துக்கொண்டு ஒன்றைக் காலையிலும் மற்றொன்றைச் சாயங்காலத்திலும் ஊறப்போடுங்கள். பொரிந்த சில மணி நேரத்தில்தான் ஆர்டீமியாவில் சத்து அதிகம். நேரம் ஆக ஆகத் தன் உடம்பில் உள்ள சேமிப்பைத் தானே தின்று தீர்த்துவிடும். அதோடு ஒரு பாட்டில் ஏதோ காரணத்தால் பொரியாமல் போனாலும் மற்றது காப்பாற்றும்.

நீந்தும் நாள்

ஞாயிறு காலை. ஜாடியின் அடியில் கிடந்தவை ஒன்றிரண்டாக மேலே எழும்பும், திரும்ப விழும். மதியத்துக்குள் பாதிக்கு மேல் கூட்டமாக நடுத்தண்ணீரில் நிற்கும். அதுதான் நேரம். துளிக்குழாயில் கொஞ்சம் ஆர்டீமியா எடுத்து, கூட்டத்தின் நடுவே மெதுவாக விடுங்கள்.

பூதக்கண்ணாடி இருந்தால் எடுத்துக்கொண்டு வந்து பாருங்கள். குஞ்சு ஓர் ஆரஞ்சுப் புள்ளியைக் கண்டதும் அப்படியே நின்றுவிடும். வால் வளைந்து உடம்பு பாம்பு போல நெளியும். ஒரு கணம். பிறகு அம்பு மாதிரி முன்னே பாய்ந்து கொத்தும். முதல் பாய்ச்சல்கள் பல தவறும், ஆர்டீமியா பக்கத்திலேயே துள்ளிக்கொண்டு போகும். விடாமல் மறுபடி நின்று குறிவைக்கும். கால் மணி நேரத்தில் ஒவ்வொன்றின் வயிறும் ஆரஞ்சு நிறத்தில் புடைத்துத் தெரிந்தால் நாம் ஜெயித்துவிட்டோம். எத்தனை ஈடு பார்த்தாலும் அந்த ஆரஞ்சு வயிற்றைப் பார்க்கும்போது எனக்கு வரும் நிம்மதி குறைந்ததில்லை.

வயிறு நிறம் மாறாத குஞ்சு சாப்பிடவில்லை என்று அர்த்தம். தொடர்ந்து இரண்டு நாள் சாப்பிடாத குஞ்சு பிறகு தீனி கிடைத்தாலும் தேறுவது கஷ்டம். எல்லாக் குஞ்சும் ஒரே நேரத்தில் நீந்தாது என்பதால் முதல் நாள் அளவாக, அடிக்கடி கொடுங்கள்.

அடுத்த இரண்டு வாரம்

இதுதான் கடினமான காலம். நாளைக்கு நான்கைந்து வேளை தீனி, தினமும் தண்ணீர் மாற்றம். வேலைக்குப் போகிறவர்கள் காலை எழுந்ததும் ஒன்று, கிளம்பும்போது ஒன்று, வந்ததும் ஒன்று, படுப்பதற்கு முன் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். மதியத்துக்கு வீட்டில் யாராவது ஒருவர் ஒரு துளிக்குழாய் விட்டால் போதும். எங்கள் வீட்டில் அது அம்மாவின் வேலை. "உன் பிள்ளைங்களுக்குச் சோறு போட்டாச்சுடா" என்று போனில் சொல்வார்.

நீந்தியதும் குஞ்சுகளை இருபது லிட்டர் தொட்டிக்கு மாற்றுங்கள். வலையால் பிடிக்கவே கூடாது. ஜாடியைத் தொட்டிக்குள் சாய்த்துத் தண்ணீரோடு விட வேண்டும். அடியில் மணல், கல் எதுவும் வேண்டாம். பழக்கிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும் மெதுவாக ஓடட்டும். தொட்டியை இதைவிடப் பெரிதாக வைத்தால் தீனி சிதறிப்போய்க் குஞ்சுகள் தேடி அலையும். இரவில் மங்கலான வெளிச்சம் ஒன்று விட்டுவையுங்கள்.

ஆர்டீமியா நல்ல தண்ணீரில் சில மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். செத்தது அடியில் படிந்து இளஞ்சிவப்புப் பொடியாகத் தெரியும். அடுத்த வேளைக்குள் அதை எடுத்தாக வேண்டும். ஏர் டியூபின் நுனியில் ஓர் உறுதியான சிறு குழாயைச் செருகி, அடியை மட்டும் தடவிக்கொண்டே போங்கள். தண்ணீர் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பேசினில் விழட்டும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் நான்கைந்து குஞ்சுகள் அதில் போய் விழும். வெள்ளைப் பின்னணியில் கறுப்புக் கண்கள் சட்டென்று தெரியும், ஸ்பூனால் எடுத்துத் திரும்ப விட்டுவிடலாம். தினமும் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை தண்ணீர் மாற்றுங்கள். புதுத் தண்ணீர் அதே வெப்பத்தில், ஏர் டியூப் வழியாக மெதுவாகப் போக வேண்டும். வாளியால் கொட்டினால் குஞ்சு அதிர்ச்சியிலேயே போய்விடும். தட்டையான சுழல் ஓட்டு நத்தை நாலைந்து விட்டால் மிச்சம் மீதியை அவை பார்த்துக்கொள்ளும்.

கரண்ட் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. இருபது லிட்டரில் இருநூறு குஞ்சுகள் காற்றில்லாமல் ஒரு ராத்திரி தாங்காது. என் மூன்றாவது ஈட்டில் பாதியை இப்படித்தான் ஒரு மழை நாளில் இழந்தேன். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைப்பது அவசியம். கரண்ட் போனதும் தானாக ஓடத் தொடங்கும் ரகமாகப் பாருங்கள், நாம் தூங்கும்போதும் அது வேலை செய்யும்.

குஞ்சுத் தொட்டிக்கு வலை, டியூப், பேசின் எல்லாம் தனியாக இருக்கட்டும். மற்ற தொட்டியில் நனைத்த கையை அப்படியே இதில் விடாதீர்கள். பெரிய மீன் தாங்கிக்கொள்கிற நோய் குஞ்சுகளை மொத்தமாகக் கொண்டுபோய்விடும்.

மூன்றாம் வாரத்திலிருந்து

மூன்று வாரம் தாண்டியதும் ஒவ்வொன்றாக உயரம் கூடத் தொடங்கும். மேலும் கீழும் துடுப்பு நீண்டு, நான்காம் ஐந்தாம் வாரத்தில் தொட்டி முழுக்கக் குட்டிக் குட்டி ஏஞ்சல்கள் நிற்கும். இந்த மீனின் அறிவியல் பெயரான டெரோஃபில்லம் என்பதற்குக் கிரேக்க மொழியில் சிறகுள்ள இலை என்று பொருள். அந்த வாரத்தில்தான் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று புரியும்.

இப்போது பொடித் தீனியைப் பழக்கலாம். ஆர்டீமியா கொடுப்பதற்கு முன் பசியோடு இருக்கும் வேளையில் நல்ல தரமான தூள் தீனியை ஒரு சிட்டிகை தூவுங்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும். ஆர்டீமியாவை ஒரேயடியாக நிறுத்திவிடாமல் ஒரு வேளையாவது ஆறாம் வாரம் வரை கொடுத்தால் வளர்ச்சி நன்றாக இருக்கும். மொய்னா என்ற பொடி நீருயிரி கிடைத்தால் அதுவும் அருமையான தீனி. டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடையில் வளர்வது, குஞ்சுகளுக்கு நான் கொடுப்பதில்லை.

இட நெருக்கடி தொடங்குவதும் இப்போதுதான். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 55 லிட்டர் பிடிக்கும். அதில் தினசரி தண்ணீர் மாற்றத்தோடு ஆறு வாரம் வரை நாற்பது ஐம்பது குஞ்சுகளுக்கு மேல் நான் வைப்பதில்லை. நெருக்கி வளர்த்த குஞ்சின் உடம்பு சிறுத்து, துடுப்பு குட்டையாகிவிடும். பிறகு எவ்வளவு தீனி போட்டாலும் அந்த அழகு முழுசாகத் திரும்பாது. இருநூறையும் வளர்க்க நான்கு தொட்டி வேண்டும். இடம் இல்லை என்றால் முதலிலேயே பாதிச் சிலேட்டு முட்டையை மட்டும் எடுத்துப் பொரியுங்கள். ஐம்பது குஞ்சை நன்றாக வளர்ப்பது இருநூறைக் குறுக வைப்பதைவிட மேல் என்று உறுதியாக நம்புகிறேன்.

குறையுள்ள குஞ்சுகளும் எல்லா ஈட்டிலும் இருக்கும். எழும்பி நீந்த முடியாமல் அடியில் வயிற்றால் ஊர்பவை, கீழ்த் துடுப்பு இல்லாதவை, செவுள் மூடி குட்டையாகிச் சிவப்புத் தெரிபவை. அடித்தரை அழுக்காக இருந்தாலோ, வெப்பம் ஏறி இறங்கினாலோ இவற்றின் எண்ணிக்கை கூடுவதை என் தொட்டியிலேயே பார்த்திருக்கிறேன். ஊர்பவை பெரும்பாலும் தானாகவே இறந்துவிடும். லேசான குறையுள்ளவற்றை வளர்க்கலாம், ஆனால் ஜோடி சேர்க்காதீர்கள், விற்கவும் வேண்டாம். நிறத்திலும் வித்தியாசம் உண்டு. முழுக் கறுப்பு ஏஞ்சல்கள் பிறவியிலேயே கொஞ்சம் பலவீனமானவை, வெள்ளி நிறக் குஞ்சுகளைவிட மெதுவாக வளரும். முதல் முறை வளர்ப்பவர்கள் வெள்ளி அல்லது மார்பிள் ஜோடியில் தொடங்குங்கள்.

எட்டாம் வாரம்

உடம்பு மட்டும் ஒரு ரூபாய் நாணய அளவு வந்ததும் அவற்றைக் கொடுக்கலாம். தெரிந்த கடைக்காரரிடம் குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய வாரமே பேசி வையுங்கள், கடைசி நேரத்தில் அலைய வேண்டாம். மிஞ்சியவற்றை எக்காரணம் கொண்டும் ஏரி, குளம், கால்வாயில் விடாதீர்கள். நம் தண்ணீருக்குச் சொந்தமில்லாத மீன் அங்கே செத்தாலும் துன்பம், பிழைத்துப் பெருகினால் நம் ஊர் மீன்களுக்குத் துன்பம். அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம், உடன் ஒரு சரியான தொட்டியும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு.

முட்டையை எடுத்துவிட்டால் ஜோடி பத்து முதல் பதினான்கு நாளில் மறுபடி இடும். ஒவ்வொன்றையும் பொரிக்கப் போனால் தொட்டியும் போதாது, பெண்ணும் மெலிந்துவிடும். இரண்டு ஈட்டுக்குப் பிறகு நடுவில் ஒரு தடுப்புக் கண்ணாடி போட்டு இரண்டையும் பிரித்து, வெப்பத்தை 25 டிகிரி பக்கம் வைத்து, ஒன்றரை மாதம் ஓய்வு கொடுக்கிறேன். அந்த நாட்களில் நல்ல தீனி மட்டும்தான். தடுப்பை எடுத்த சில நாளிலேயே இரண்டும் சிலேட்டைக் கொத்திச் சுத்தம் செய்யத் தொடங்கிவிடும். அன்றைக்கு ஃப்ரிட்ஜில் உள்ள ஆர்டீமியா பாட்டிலை எடுத்து, ஒரு சிட்டிகையை டம்ளரில் போட்டு, பொரிகிறதா என்று பார்த்துவிடுகிறேன்.